மெல்லப் போ

“இன்னொரு கப் ஊத்தட்டுமா தம்பி?”

பின்சீட்டிலிருந்து மாசேலே கேட்டதும் வெலானி சீட்டில் நெளிந்தான். ஏற்கெனவே மூன்று கப் இஞ்சி டீ உள்ளே போயிருந்தது. போன மூன்றும் இப்போது வெளியே வர வழி கேட்டுக்கொண்டிருந்தன.

“ஊத்துங்க அத்தை. உங்க கையால போட்ட டீயை வேண்டாம்பேனா?” என்றான்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பிரயோஜனம்? நான்காவது கப் இரண்டு முன்சீட்டுகளுக்கும் இடையே ஆவி பறக்க நீண்டு வந்துவிட்டது. பின்னால் மாசேலே தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு உறிஞ்சும் சத்தம் கேட்டது. வந்தவனைத் தனியாகக் குடிக்கவிட்டு வேடிக்கை பார்க்கிற குடும்பம் இல்லை அது.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். குகு சொல்லி அனுப்பியிருந்தாளே!

“அம்மா குடுக்கிறதை வேண்டாம்னு சொல்லிடாதே வெலானி. முகத்துக்கு நேரா பாக்காதே. பசி, தூக்கம், உடம்பு, இதைப் பத்தியெல்லாம் மூச்சு விடாதே. முக்கியமா, பாத்ரூம் சமாச்சாரம் செத்தாலும் வாயில வரக்கூடாது. எங்க அக்கா புருஷன் பேச்சுவார்த்தைக்கு வந்த அன்னிக்கு ஒரே ஒரு ஏப்பம் விட்டார். கல்யாணமாகி ஏழு வருஷமாச்சு. அம்மா இன்னும் அவரை ‘அந்த ஏப்பம்’னுதான் சொல்றாங்க.”

குகுவும் கூட வருவதாகத்தான் ஏற்பாடு. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். நர்ஸைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அதற்கெல்லாம் முகம் கோணக்கூடாது. ஆக, உம்லாசானே வனவிலங்குக் காப்பகத்துக்குள் வெலானியின் காரில் மூன்றே பேர். வெலானி, வருங்கால மாமியார் மாசேலே, துணைக்கு மாசேலேயின் அண்ணன் ஸிபூசே மாமா.

இந்தப் பயணமே மாமாவின் யோசனைதான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, பெண்ணுக்குப் பரிசமாக எத்தனை மாடு என்று பேசி முடித்தாயிற்று. டிசம்பரில் கல்யாணம் என்று மாசேலே வாயால் ஒரு வார்த்தை வரவேண்டியதுதான் பாக்கி. “ஆளு எப்படின்னு ஸ்டியரிங் பிடிக்கும்போது தெரிஞ்சுரும். ஒருநாள் காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு, நானும் வர்றேன்” என்று மாமா சொல்ல, மாசேலேயும் சரி என்றுவிட்டார். அப்படிச் சொன்ன மாமா காப்பகத்து வாசலைத் தாண்டி நூறு மீட்டர் போவதற்குள், எலி கடித்து ஓட்டை விழுந்த தன் வைக்கோல் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

வெலானிக்கு எம்பங்கேனி ஊரில் டிரைவிங் ஸ்கூல். பெயர் ‘மெல்லப் போ’. இருக்கிறது ஒரே கார், அதுதான் வந்திருந்தது. கூரைமேல் ‘மெல்லப் போ’ என்று பெரிய பலகை, முன்னாலும் பின்னாலும் சிவப்பு ‘எல்’, உள்ளே வாத்தியார் உட்காரும் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக். அந்தச் சீட்டில்தான் இன்று மாமா கால் நீட்டிப் படுத்திருந்தார். மாமியாருக்குப் பக்கத்தில் மருமகன் உட்காரக்கூடாது என்பதால் மாசேலே பின்னால். அவர் முகம் தப்பித்தவறிக் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று நடுக்கண்ணாடியையும் வானத்தைப் பார்க்கத் திருப்பிவைத்திருந்தான். இப்படி ஒரு மாணவன் செய்திருந்தால் வெலானி அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பான்.

நான்காவது கப் உள்ளே போனது. இறங்கி உட்கார்ந்து சாப்பிடும் சுற்றுலா இடத்துக் கழிவறைக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருந்தது.

‘ஒன்பது கிலோமீட்டர்தானே, சமாளிச்சிடலாம்’ என்று நினைத்துக்கொண்டான். அடுத்த பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதும் அந்த நினைப்பும் போய்விட்டது.

சொல்லக்கூடாததைச் சொல்வதற்கென்றுதானே நடுவில் ஒரு பெரியவர் இருக்கிறார்! “பையன் கொஞ்சம் இறங்கணுமாம்” என்று மாமா சொன்னால் அதில் ஒரு தப்பும் இல்லை. மாடு பேசும்போது எத்தனை சங்கடமான விஷயங்களை இவர் வாயால் சொல்லவிட்டார்கள்! வெலானி இடது கையை மெல்ல நீட்டி ஒற்றை விரலால் மாமாவின் தொடையில் குத்தினான்.

குறட்டை கொஞ்சம் கூடியது.

இன்னொரு குத்து. “மாமா... மாமோய்...” என்று காற்றாகக் கூப்பிட்டான்.

மாமா தூக்கத்தில் முனகிக்கொண்டே காலை உதைத்து நீட்டினார். கால் நேராகப் போய் வாத்தியார் பிரேக்கில் விழுந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. வெலானி ஸ்டியரிங்கில் வயிறு இடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான். திறந்தபோது சாலையோரப் புல்லில் இரண்டு காண்டாமிருகங்கள், தாயும் குட்டியும், அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

“காண்டாமிருகம், அத்தை!” என்றான், தானே நிறுத்தியதுபோல.

“ம்” என்றார் மாசேலே.

“குட்டியும் இருக்கு.”

“ம். பாத்தாச்சு. போலாமே.”

வெலானிக்கு முகம் செத்துவிட்டது. எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த அம்மாவுக்குக் காண்டாமிருகம்கூடப் போதவில்லை என்றால், டிரைவிங் ஸ்கூல் மாப்பிள்ளை எப்படிப் போதும்?

மாமாவின் கால் பிரேக்கைவிட்டுத் தானாக விலகியது. தொடையில் விரலால் குத்தலாம். ஆனால் ஒரு பெரியவரின் காலைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைக்க முடியுமா, அதுவும் அவர் தங்கை பின்னால் உட்கார்ந்திருக்க? அப்படியே ஓட்டினான்.

சுற்றுலா இடம் வந்தது. நிழல், கல் மேசைகள், மூலையில் ஓலைக்கூரை போட்ட அழகான கழிவறை. வெலானிக்கு அதைக் கட்டினவன் கையைப் பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது. நுழைவில் ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு பலகை.

‘யானை தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிட்டது. மூடப்பட்டுள்ளது. அடுத்தது ஓய்வு முகாம், 22 கி.மீ.’

பின்சீட்டிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. ‘மேசை போட்டு உக்கார வைப்பான்னு எதிர்பார்த்திருப்பாங்க, அதுவும் போச்சு’ என்று வெலானி நொந்துகொண்டான்.

“அத்தை, மன்னிச்சிருங்க. முகாமுக்குப் போயிரலாம். இருபத்திரண்டு கிலோமீட்டர்...”

“இருபத்திரண்டா?” மாசேலேயின் குரல் உயர்ந்தது. “குறுக்கு வழி எதுவும் கிடையாதா தம்பி?”

ஆகா, என்கூட இருபத்திரண்டு கிலோமீட்டர்கூட அவங்களால உக்கார முடியலை! வெலானி வரைபடத்தை எடுத்தான். ஆற்றோரமாக ஒரு மண்சாலை, பதினாறே கிலோமீட்டர்.

“இருக்கு அத்தை! ஆத்து வழி.”

குறுக்கு வழி என்று வரைபடம் போட்டவன் அந்தச் சாலையில் போயிருக்கமாட்டான். போயிருந்தாலும் நான்கு கப் டீயோடு போயிருக்கமாட்டான். மண்ணெல்லாம் வரிவரியாக, துவைக்கிற கல்மேல் ஓட்டுவதுபோல வண்டி தடதடவென்று ஆடியது. அது போதாதென்று சாலைக்குப் பக்கத்திலேயே ஆறு. அந்த ஆறாவது சும்மா போனதா? சலசல, களகள, சொட்டுச்சொட்டு என்று எத்தனை விதமாகத் தண்ணீர் சத்தம் போடுமோ அத்தனையும் போட்டது. வெலானி கண்ணாடிகளை மேலே ஏற்றினான். சரியாக அதே நேரத்தில் பின்னாலும் ஒரு கண்ணாடி மேலே ஏறியது.

“குளிருதா அத்தை?”

“ஆமா. குளிருது.”

பேச்சு அவ்வளவுதான். டீயும் நின்றுவிட்டது. பிளாஸ்க்கில் இன்னும் பாதி இருக்கிறது, ஆனால் சுற்றுலா இடம் தாண்டியதிலிருந்து ஒரு சொட்டு ஊற்றவில்லை. டீ ஊற்றுகிற கை நின்றுவிட்டதென்றால் மனசு விட்டுப்போயிற்று என்றுதானே அர்த்தம்?

அப்போது இன்னொன்றும் நடந்தது. மாசேலே குடைக்காம்பால் முன்சீட்டில் இடித்தார்.

“அண்ணே. அண்ணே! எந்திரி. உன்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லணும்.”

குறட்டை.

“அவசியமான விஷயம்ணே.” டங், டங்.

குறட்டை, நடுவில் ஒரு விசில் சத்தத்தோடு.

வெலானி காதைத் தீட்டினான். தனியா, அவசியமா, அண்ணன்கிட்ட. வேறென்ன விஷயமாக இருக்கும்? ‘பையன் வேண்டாம், மாட்டைத் திருப்பி அனுப்பிரு’தான். நல்லவேளை, மாமா எழுந்திருக்கவில்லை. இதுவரை அவர் எழுந்திருக்கமாட்டாரா என்று ஏங்கியவன், இப்போது எழுந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டிருக்கும்போதே மாமாவின் கால் மறுபடி பிரேக்கில் விழுந்தது.

வண்டி நின்றது. எஞ்சின் அணைந்தது.

சுற்றிலும் முள்புதர், உயரப் புல், ஒரு ஈ காக்கை இல்லை. நின்றதுதான் நின்றது, இதையே பயன்படுத்திக்கொண்டால் என்ன? வண்டியைவிட்டு இறங்கக்கூடாது என்பது காப்பகத்துச் சட்டம். ஆனால் அடிவயிற்றுக்கு என்ன சட்டம் தெரியும்?

“பின் டயர்ல ஏதோ சத்தம் அத்தை. ஒரு நிமிஷம், பாத்துட்டு வந்துடறேன்” என்று கதவைத் திறந்தான்.

ஒரு காலைக் கீழே வைக்கப்போனவன், கால் வைக்கப்போகிற இடத்தைப் பார்த்தான். அங்கிருந்து ஏழெட்டு எட்டில் புதருக்கடியில் புல் நிறத்தில் ஏதோ கிடந்தது. அதற்கு வால் இருந்தது. வாலின் நுனியில் கறுப்புக் குஞ்சம் இருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு வால்கள் இருந்தன. நடுவில் இருந்தது கொட்டாவி விட்டது.

வெலானி காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். அத்தனை பயத்திலும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்பதை அவன் பெருமையாகவே நினைத்துக்கொள்ளலாம்.

“டயர் எப்படி இருக்கு?” என்று மாசேலே கேட்டார்.

“நல்லா இருக்கு அத்தை.”

“இறங்காமலே தெரிஞ்சுபோச்சா?”

“பழக்கம்தானே அத்தை... ஆங், சிங்கம். மூணு சிங்கம்.”

“ம்.”

சாவியைத் திருப்புவதற்குள் பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. காப்பகத்தில் ஒரு வண்டி நின்றால் போதும், அடுத்த வண்டியும் நிற்கும். எதிரே இரண்டு வந்தன. பக்கத்தில் ஒன்று ஒட்டி நின்றது. ஐந்து நிமிஷத்தில் அந்தக் குறுகிய மண்சாலையில் சந்தைக்கூட்டம். ‘மெல்லப் போ’ நட்டநடுவில் மாட்டிக்கொண்டது.

பக்கத்து வண்டியில் கழுத்தில் தொலைநோக்கியும் மடியில் நோட்டுப் புத்தகமுமாக ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா. கூரைப் பலகையைப் படித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். வெலானியும் இறக்கவேண்டியதாயிற்று.

“என்ன தம்பி, வண்டி பழக வேற இடம் கிடைக்கலையா?”

“நான் வாத்தியார்ம்மா.”

“அப்ப மாணவர் யாரு? பக்கத்துல தூங்குறாரே, அவரா? நல்லா கத்துக்குவார்.”

வெலானி தன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். தொடையோடு தொடையை ஒட்டிவைத்துக்கொண்டு ரகசியமாகக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். சிக்னலில் ஒரே ஒரு கோடு. ‘குகு, அவசரம், தாங்க முடியலை, உடனே உங்க அம்மாகிட்ட பேசு’ என்று தட்டி அனுப்பினான். விவரமாக எழுதக் கூச்சம். அடுத்த நொடியே அவள் கூப்பிட்டாள். கைப்பேசி காரின் ஸ்பீக்கரோடு இணைந்திருப்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“என்ன வெலானி, அவசரம், தாங்க முடியலைன்னு அனுப்பியிருக்க?” குகுவின் குரல் வண்டி முழுக்க ஒலித்தது.

“என்ன அவசரம்?” என்றார் மாசேலே.

வெலானியின் மூளை ஒரு கணம் வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

“கல்யாணத்துக்கு அத்தை. கல்யாணத்துக்குத்தான் அவசரம்.”

சிங்கம்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

“கல்யாணத்துக்கு எதுக்கு அவசரம்?” மாசேலே ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார். “குகு! என்னடி அவசரம்? ஏதாவது...?”

“ஐயோ அம்மா! அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா! வெலானி, என்ன உளர்ற நீ?”

“இல்ல அத்தை, சத்தியமா இல்ல, நான் வேற அர்த்தத்துல...”

“வேற எந்த அர்த்தத்துல?”

“வாய விடாதே வெலானி!” என்று குகு கத்தினாள்.

“இருடி குகு, வைக்காதே. நான் சொல்றதைக் கேளு. எனக்கு இங்க...”

கொய்ங் என்ற சத்தத்தோடு இருந்த ஒரு கோடும் போய்விட்டது.

‘எனக்கு இந்தப் பையன் வேண்டாம்’. மீதி வாக்கியத்தை வெலானி தானே முடித்துக்கொண்டான். பிறகு கண்ணில் நீர் முட்டியது. எங்கெங்கோ முட்டிக்கொண்டிருந்ததில் அது ஒன்றுதான் வெளியே வர அனுமதி உள்ளது. குகு இல்லாமல் என்ன பண்ணுவான்? நாலு வருஷம். பரீட்சையில் மூன்று தடவை தோற்ற மாணவியாக வந்து, நாலாவது தடவை பாஸாகி, ‘இப்ப நீங்க பக்கத்து சீட்டுல பயப்படாம உக்காரலாம்’ என்று சிரித்தவள்.

திடீரென்று பின்கண்ணாடி இறங்கியது. மாசேலே குடையோடு பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

“ஏங்க! எல்லாரையும்தான் கேக்கிறேன்! சிங்கம் என்ன ஆடுதா, பாடுதா? தூங்குது! தூங்குறதைப் பாக்க இத்தனை வண்டியா? எங்க அண்ணனும்தான் விடியக்காலையிலேர்ந்து தூங்குறான், அவனை யாராவது திரும்பிப் பாத்தீங்களா? நகருங்க! சிவப்பு வண்டி, நீ பின்னால போ! பாட்டியம்மா, நீங்க ஓரமா ஒதுங்குங்க!”

பாட்டியம்மா நோட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் கியரை மாற்றினார். சிவப்பு வண்டி பின்னால் போனது. சிங்கங்களும் எழுந்து, எதற்கு வம்பு என்று புதருக்குள் போய்விட்டன.

“ஓட்டு” என்றார் மாசேலே.

வெலானி ஓட்டினான். இவ்வளவு கோபத்தில் இருக்கிறவரிடம் இனி என்ன பேசுவது? மானம் போகும், கல்யாணமும் போகும். இரண்டில் ஒன்றையாவது முகாம் வரை அடக்கி வைத்துக்கொண்டு போய்ச் சேர்வோம் என்று பல்லைக் கடித்தான்.

முகாமுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது யானை வந்தது.

ஒற்றை ஆண் யானை. சாலையின் நடுவில், வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றது. யானைக்கு முன்னால் ஹாரன் அடிக்கக்கூடாது. நிற்கவேண்டும், அது நடந்தால் பின்னால் எடுக்கவேண்டும், அதற்கு மனசு வரும்வரை காத்திருக்கவேண்டும். வெலானி நிறுத்தினான். யானை காதை ஆட்டியது. கொஞ்சம் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டது. பிறகு அசையாமல் நின்று, அவசரமே இல்லாமல், ஒன்றுக்குப் போக ஆரம்பித்தது.

ஐயோ, அது யானையா, அணைக்கட்டா! கொட்டியது, கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. மண்சாலையில் ஒரு சின்ன ஓடை கிளம்பி ‘மெல்லப் போ’வின் முன்சக்கரத்தை நோக்கி வந்தது. மருமகனும் மாமியாரும் சேர்ந்து பார்க்கவே கூடாத காட்சி. வெலானி கூரையைப் பார்த்தான். பின்னால் மாசேலே கிறீச்சென்ற குரலில் ஒரு தேவாலயப் பாட்டைத் தொடங்கினார். மரியாதைக்கு அவனும் சேர்ந்துகொண்டான். இரண்டு பேர் குரலும் கயிறுபோல இறுகியிருந்தது. நாலு சரணம் முடிந்தும் யானை முடிக்கவில்லை.

ஐந்தாவது சரணத்தில் மாசேலே பாட்டை நிறுத்தினார். கண்ணாடி இறங்கியது.

“ஏ யானை! உனக்கு வேலை வெட்டி இல்லையா? வீடு வாசல் கிடையாதா? வயசுக்கு வந்த மிருகமாட்டம் இருக்க, கொஞ்சம்கூட இங்கிதம் இல்லையே! நகரு அந்தாண்டை!”

யானை அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு, மாசேலேயிடம் வாக்குவாதம் பண்ணி யார் ஜெயித்திருக்கிறார்கள் என்று அதற்கும் யாரோ சொல்லியிருக்கவேண்டும், முடித்துக்கொண்டு சாலையைவிட்டு இறங்கிப் போயிற்று.

முகாமின் ஓலைக்கூரைகள் தெரிந்தன. கொடிக்கம்பம் தெரிந்தது. கழிவறைக் கதவில் வரைந்த ஆண் பொம்மை, பெண் பொம்மை வரைக்கும் தெரிந்தது. ஐம்பது மீட்டர். நாற்பது.

மாமாவின் கால் பிரேக்கில் விழுந்தது.

“மாமா!” வெலானியிடமிருந்து வந்தது அழுகையா கூப்பாடா என்று சொல்ல முடியாது.

சாலையில் ஒரு சாணி வண்டு, தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. உருண்டை ஒரு கல்லில் முட்டியது. திரும்பி வந்தது. வண்டு மறுபடி தள்ளியது. சாணி வண்டுக்கு வழிவிடாதவனைக் காப்பகத்துக் காவலர்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை. வெலானி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான். பின்சீட்டிலும் யாரோ எண்ணுவதுபோல முணுமுணுப்பு கேட்டது. எழுபத்தெட்டில் வண்டு புல்லுக்குள் போனது.

அதற்கப்புறம் நடந்ததை மரியாதை தெரிந்தவர்கள் பார்த்திருக்கக்கூடாது. வண்டி முகாமுக்குள் நுழைந்து கோணல்மாணலாக நின்றது. வெலானி சாவியைக்கூட எடுக்கவில்லை. பெரியவர்களுக்குக் கதவைத் திறந்துவிடவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆண் பொம்மையை நோக்கி ஓடினான். எந்த மாணவனுக்கும் கற்றுத்தராத வேகம் அது.

உள்ளே வெகுநேரம் நின்றான். உலகம் மெல்ல மெல்ல அழகானது. பறவைச் சத்தம் கேட்டது. பிறகு, கடைசிச் சொட்டோடு புத்தியும் திரும்பி வந்தது.

‘கதவைத் திறந்துவிடலையே! மாமியாரை வண்டியில போட்டுட்டு ஓடிவந்துட்டேனே! ஏப்பத்துக்கே ஏழு வருஷம். இதுக்கு?’

முகத்தைக் கழுவிக்கொண்டு, செத்த வீட்டுக்குப் போகிறவன்போல வெளியே வந்தான். வண்டியின் பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. மாசேலே இல்லை. கைப்பை தரையில். குடை கொஞ்சம் தள்ளி. அதற்கும் தள்ளி ஒரு காலின் செருப்பு மட்டும்.

கைப்பையையும் செருப்பையும் போட்டுவிட்டுப் போகிற அளவுக்குக் கோபமென்றால், இனி டிசம்பராவது ஒன்றாவது. வெலானி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“பாப்பா, சாணி வண்டுக்குப் பொட்டு கிடையாதா?”

தெரிந்த குரல். திரும்பினான். முகாம் கடை வாசலில், எந்த மிருகத்தை எங்கே பார்த்தோம் என்று வண்ணக் காந்தப் பொட்டுகளை ஒட்டிவைக்கிற வரைபடப் பலகைக்கு முன்னால் ஸிபூசே மாமா நின்றுகொண்டிருந்தார். கண்ணில் தூக்கத்தின் சுவடே இல்லை. சுற்றுலா இடத்துக்குப் போகிற வழியில் காண்டாமிருகம், தாயும் குட்டியும். ஆற்றுச் சாலை வளைவில் சிங்கம், மூன்று. முகாமுக்கு மூன்று கிலோமீட்டரில் யானை. எல்லாவற்றையும் அங்குலம் பிசகாமல் ஒட்டியிருந்தார்.

“வண்டுக்கெல்லாம் பொட்டு இல்ல தாத்தா” என்றாள் கடைப்பெண்.

“வெச்சிருக்கணும்மா. பாவம், என்ன பாடுபடுது!”

“மாமா...” வெலானி செருப்போடு கிட்டே வந்தான். “நீங்க தூங்கிட்டிருந்தீங்களே?”

மாமா தொப்பியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். எலி கடித்த ஓட்டை வழியாக ஒரு கண் அவனைப் பார்த்துச் சிமிட்டியது.

“அறுபத்து மூணு வயசு மாப்ளே எனக்கு. இந்த வேலிக்கு வெளியிலேயே பொறந்து, வெளியிலேயே மாடு மேய்ச்சு, ராத்திரி சிங்கம் கத்துறதைக் கேட்டே வளர்ந்தவன். உள்ள வந்தது இன்னிக்குத்தான்.”

வெலானி பதில் சொல்வதற்குள் பெண் பொம்மை போட்ட கதவு திறந்தது. மாசேலே ஒற்றைச் செருப்போடு, ஆனால் மகாராணிபோல நடந்து வந்தார். அவன் சட்டென்று தலையைக் குனிந்து செருப்பை இரண்டு கையாலும் நீட்டினான். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

“மாப்பிள்ளை” என்றார். இதுவரை அவர் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. “டிசம்பர்லயே வெச்சுக்கலாம். எவ்வளவு அழகா ஓட்டினீங்க கடைசியில! சரி, நான் பிஸ்கட் வாங்கிட்டு வர்றேன். டீ வேண்டாம்.”

கடைக்குள் போய்விட்டார். போகும்போது அவர் பாடியது அதே தேவாலயப் பாட்டுதான், ஆனால் இப்போது குரல் பூவாக இருந்தது.

வெலானி மாமா பக்கம் திரும்பினான். “மாமா, காலையிலேர்ந்து ஒரு தடவைகூடச் சிரிக்கலை. உங்ககிட்ட தனியா பேசணும்னு குடையால இடிச்சாங்க. நான் கதவைக்கூடத் திறந்துவிடாம ஓடினேன். இப்ப திடீர்னு எப்படி மாமா?”

மாமா சிங்கப் பொட்டை ஒரு நூல் இடப்பக்கமாக நகர்த்தி வைத்து, அழகு பார்த்துவிட்டு, சாவகாசமாகத் திரும்பினார்.

“நீ என் தொடையில குத்துற, அவ என் முதுகுல குத்துறா, ரெண்டு பேருக்கும் ஒரே அவசரம்தான்னு எந்திரிச்சு நான் சொல்லியிருந்தா, நேரா இங்கதானே வந்திருப்பீங்க. அப்புறம் சிங்கம் வர்றப்ப பிரேக்கை யாருய்யா மிதிக்கிறது?”